கேட்பதற்கு ஆகும் செலவு

சின்ன அறக்கட்டளைகளின் கணக்கில் ஒரு செலவுக்கு மட்டும் தலைப்பு கிடையாது. பணம் கேட்பதற்கு ஆகிற செலவு.

வேலூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பல வருடங்களாகக் கணக்கு பார்க்கிறேன். டிரஸ்ட், சொசைட்டி கணக்குகள் பெரும்பாலும் என் மேசைக்குத்தான் வரும். குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு, ஆம்பூர், வாலாஜா என்று பழைய வட ஆற்காட்டின் நாலா பக்கத்திலிருந்தும் துணிப்பையில் வவுச்சர் கட்டோடு வருவார்கள். அவற்றைப் பிரித்துத் தலைப்பு வாரியாக அடுக்கும்போது இந்தச் செலவு எங்கெல்லாம் பதுங்கியிருக்கிறது என்று கண்ணில் படும். ‘பயணம்’ என்ற தலைப்பில் சென்னைக்குப் போய்வந்த பஸ் டிக்கெட். ‘எழுதுபொருள்’ தலைப்பில் டிரஸ்ட் டீடு என்கிற பதிவுப் பத்திரம், வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி சான்றுகள், மூன்று வருட ஆடிட் ரிப்போர்ட் எல்லாவற்றையும் மறுபடி மறுபடி ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்ட பில். ‘தொழில்முறைக் கட்டணம்’ தலைப்பில் இங்கிலீஷில் புரபோசல், அதாவது நிதி கேட்கும் திட்ட அறிக்கை, எழுதித் தந்தவருக்குக் கொடுத்த தொகை. மிச்சமெல்லாம் ‘இதர செலவு’. வவுச்சரே இல்லாத செலவு ஒன்று உண்டு, அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. டிரஸ்டை நடத்துகிறவர் ராத்திரி உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பிய நேரம்.

பணம் கிடைத்தவருக்காவது இந்தச் செலவு ஒருவகையில் ஈடாகிவிடும். கிடைக்காமல் போன அத்தனை பேருக்கும் இதே செலவுதான் ஆகியிருக்கிறது. அதை எந்தக் கம்பெனியும் எந்த ஃபவுண்டேஷனும் தன் கணக்கில் எழுதிக்கொள்வதில்லை. பிள்ளைகள் படிக்கட்டும், முதியவர்கள் சாப்பிடட்டும் என்று முன்பு யாரோ மனமுவந்து கொடுத்த பணத்திலிருந்துதான் அது போயிருக்கிறது. தர்மத்துக்கு வந்த பணம் தர்மம் கேட்கப் போய்க் கரைவதைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரும் வாய்திறந்து பேசுவதில்லை. பேசினால் பணம் தருகிற டோனர் கோபித்துக்கொள்வார் என்ற பயம். எனக்கு டோனர் யாரும் இல்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் ஓர் அக்கா மாலை வகுப்பு நடத்துகிறார். பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைகளுக்காக. எங்கள் பக்கத்தில் பீடி என்பது பெண்கள் வீட்டிலேயே உட்கார்ந்து செய்கிற வேலை. முறத்தில் இலையும் தூளும் வைத்துக்கொண்டு காலையில் உட்கார்ந்தால் சமையல் நேரம் போக ராத்திரி வரைக்கும் ஓடும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. எண்ணிக்கை குறைகிற நாளில் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பெண்பிள்ளை பையைப் போட்டுவிட்டு முறத்துக்கு எதிரே உட்கார்ந்துவிடும். சரியாக அந்த நேரத்தில் அந்தப் பிள்ளையை வகுப்புக்கு அழைத்துவருவதுதான் அக்காவின் வேலை. பாடம் சொல்லிக்கொடுக்க இரண்டு டீச்சர்கள் இருக்கிறார்கள். அக்கா வீடு வீடாகப் போய் அம்மாக்களிடமும் பாட்டிகளிடமும் பேசுகிறார்.

ஒரு நிறுவனத்தின் சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி, பற்றிய அறிவிப்பு வாட்ஸ்அப்பில் சுற்றி வந்து அவர் கைக்கும் எட்டியது. “தம்பி, இத கொஞ்சம் பாத்து எழுதிக் குடு” என்று வந்தார். உட்கார்ந்தோம். எல்லாம் ஆன்லைன். ஒரு கேள்விக்கு ஆயிரம் எழுத்தைத் தாண்டக்கூடாது, அடுத்த கேள்விக்கு இரண்டு பக்கம் வேண்டும். ஒவ்வொரு பி.டி.எஃப்.பும் 2 எம்.பி.க்குள் இருக்க வேண்டும். பழைய டிரஸ்ட் டீடை ஸ்கேன் செய்தால் அதைப்போல நாலு மடங்கு வருகிறது. சுருக்கினால் சார்பதிவாளர் முத்திரை வெறும் மைக்கறையாகிவிடுகிறது. அக்கா சொல்வதை அப்படியே தமிழில் அடித்து ஒட்டிப் பார்த்தேன், பெட்டி நிறையக் கேள்விக்குறிகள் வந்து நின்றன. பாதியில் நெட் போனதும் முதல் பக்கத்திலிருந்து மறுபடி.

மூன்று வருடத்தில் என்ன மாற்றம் வரும், அதை எந்த அளவுகோலில் அளப்பீர்கள் என்று ஒரு கேள்வி. அக்காவிடம் படித்துச் சொன்னேன். “இன்னா மாற்றம்னு எழுதறது தம்பி? பத்தாவது முடிக்கற வரைக்கும் பொண்ணு மொறத்துக்கிட்ட குந்தக்கூடாது. அதுக்கப்புறம் அவளே பாத்துக்குவா” என்றார். என்னைக் கேட்டால் அது முழுமையான பதில். அளவுகோலும் அதிலேயே இருக்கிறது. அக்காவிடம் ஒரு நீளமான நோட்டு இருக்கிறது. எந்தப் பிள்ளை எப்போது வந்தது, எப்போது நின்றது, ஏன் நின்றது என்று அவர் கையெழுத்திலேயே எழுதியிருப்பார். ‘அம்மாவுக்கு உடம்பு சரியில்லை.’ ‘வயசுக்கு வந்துட்டா, அனுப்ப மாட்டேங்கறாங்க.’ ‘திருப்பூர் போய்ட்டாங்க குடும்பத்தோட.’ ‘திரும்ப வந்தா, தையில.’ ஒரு கிராமத்துப் பெண்பிள்ளைகளின் படிப்பு எங்கே அறுபடுகிறது என்பதற்கு இதைவிடச் சுத்தமான ஆவணத்தை நான் பார்த்ததில்லை. அந்த நோட்டை இணைக்க அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

அனுப்பினோம். மாதங்கள் கழித்து, தானாக வருகிற வகை மின்னஞ்சல் ஒன்று வந்தது. வருந்துகிறோம் என்று இருந்தது. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், இவருடையது எதனால் நின்றது என்று ஒரு வரி இல்லை. விண்ணப்பம் எழுதிய அந்த வாரங்களில் அக்கா வீடுகளுக்குப் போனது குறைந்துபோயிருந்தது. அந்த இடைவெளியில் இரண்டு பிள்ளைகள் வகுப்புக்கு வராமல் நின்றுவிட்டார்கள் என்பது நோட்டைப் புரட்டும்போதுதான் அவருக்கே தெரிந்தது.

இதை ஒரு தனி ஆளின் கஷ்டமாகப் பார்த்தால் விஷயம் முழுதாகப் புரியாது. கூட்டிப் பார்க்க வேண்டும். ஒரு கம்பெனி 10 லட்சம் ரூபாய் தருவதாக அறிவிக்கிறது என்று வையுங்கள். 200 அமைப்புகள் விண்ணப்பிக்கின்றன. படிவம் நிரப்ப, ஆவணம் திரட்ட, வரவுசெலவுத் திட்டம் போட என்று ஓர் அமைப்புக்குப் பத்து நாள் உழைப்பு. ஒரு நாளைக்கு 600 ரூபாய் என்று குறைத்தே மதிப்பு போடுகிறேன். ஓர் அமைப்புக்கு 6,000. இருநூறுக்கும் சேர்த்து 12 லட்சம். பத்து லட்சத்தைப் பிரித்துக்கொடுக்க, வாங்க வந்தவர்கள் பன்னிரண்டு லட்சம் செலவழித்திருக்கிறார்கள். கம்பெனியின் ஆண்டறிக்கையில் 10 லட்சம் ரூபாய் சமூகத்துக்குப் போனதாகப் படம் போட்டு வரும். மொத்தமாகப் பார்த்தால் சமூகத்தின் கையிலிருந்து 2 லட்சம் போயிருக்கிறது.

இது என் கற்பனைக் கணக்கு. நிஜமாகவே எண்ணிப் பார்த்தவர்கள் விஞ்ஞானிகள் உலகத்தில் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் மருத்துவ ஆராய்ச்சிக்கு அரசு தருகிற நிதிக்கு 2012ஆம் ஆண்டு 3,700க்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் போயின. அவற்றை எழுத மட்டும் ஆராய்ச்சியாளர்களின் உழைப்பில் சுமார் 550 ஆண்டுகள் செலவாகியிருக்கின்றன என்று அடுத்த வருடம் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. நிதி கிடைத்தது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விண்ணப்பங்களுக்கு. 2019இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இருவர் இதையே கணித மாதிரியாக வைத்துப் பார்த்தார்கள். கிடைக்கும் வாய்ப்பு குறையக் குறைய, விண்ணப்பம் எழுதுவதில் வீணாகிற உழைப்பு, நிதியால் விளைகிற பயனுக்குச் சமமாகவோ அதையும் விஞ்சியோ போய்விடலாம் என்பது அவர்களுக்குக் கிடைத்த முடிவு. போட்டி வைத்தால் நல்லது மேலே வரும் என்பது பொதுவான நம்பிக்கை. போட்டிக்கு ஆகிற செலவைத் தோற்றவர் தலையில் போடும்வரைக்கும்தான் அந்த நம்பிக்கை நிற்கும்.

விஞ்ஞானிக்காவது விண்ணப்பம் எழுதுகிற மாதத்திலும் சம்பளம் வரும். அக்காவுக்கு வராது.

வேலூருக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவில் மருத்துவம் படித்து முடித்த ஐடா ஸ்கடர், இங்கே பெண்களுக்கு ஒரு மருத்துவமனை கட்ட 1899 வாக்கில் அங்கே நன்கொடை திரட்டினார். நியூயார்க்கில் ஷெல் என்ற வங்கியாளர், இறந்துபோன தன் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய வேலை 1902இல் அந்த அம்மையார் பெயரில் மருத்துவமனையாக நின்றது. ஆரணி ரோட்டில் ஷெல் கண் மருத்துவமனை என்று இன்றும் அந்தப் பெயர் இருக்கிறது. அந்த வேலையிலிருந்து சி.எம்.சி. மருத்துவமனை வளர்ந்து இந்த ஊரையே மாற்றியது ஊரறிந்த விஷயம். அங்கே படிவம் இல்லை, போர்ட்டல் இல்லை, அளவுகோல் அட்டவணை இல்லை. நேரில் பேச்சு, அதன்பேரில் பணம். கேட்பதற்கு ஆகிற செலவு என்று பார்த்தால் இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது.

ஆனால் நியூயார்க் வரவேற்பறையில் போய் உட்கார்ந்து பேச அந்தக் காலத்தில் யாரால் முடிந்தது? இதே வேலூரில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மருத்துவச்சிக்கு அந்த வாசல் இருப்பதே தெரிந்திருக்காது. அறிமுகம் உள்ளவருக்கு மட்டும் பணம் என்ற நிலை மாறட்டும், யார் வேண்டுமானாலும் கேட்கட்டும் என்றுதான் அறிவிப்பும் படிவமும் வந்தன. நல்ல எண்ணம். அதை நான் குறைசொல்லவில்லை. நடந்தது என்ன என்றால், படிவமே இன்னொரு வரவேற்பறை ஆகிவிட்டது. அதற்குள் உட்கார இங்கிலீஷ் வேண்டும், லேப்டாப் வேண்டும், ஆடிட்டர் வேண்டும், டோனர்கள் பேசுகிற பாஷை தெரிந்த ஓர் ஆள் சம்பளத்துக்கு வேண்டும். இவை இருக்கிற அமைப்புக்குப் பணம் வருகிறது. பணம் வருவதால் இவை இன்னும் கூடுகின்றன. சென்னையிலும் பெங்களூரிலும் அலுவலகம் வைத்திருக்கிற பெரிய அமைப்புகள் நிதி திரட்டவென்றே தனிப் பிரிவு வைத்திருக்கின்றன. அவர்களைத் தப்பு சொல்ல முடியாது. விளையாட்டின் விதி அப்படி. அதே களத்தில் குடியாத்தத்து அக்காவையும் இறக்கிவிட்டு, இருவருக்கும் ஒரே கேள்வித்தாள், ஆகவே இது சமநீதி என்று சொல்வதுதான் எனக்கு ஆறவில்லை.

சட்டமும் சின்னவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விளிம்புக்குத் தள்ளியிருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை பெற எஃப்.சி. பதிவு வேண்டும். அதற்கு அமைப்பு தொடங்கி மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்கவும் வேண்டும். பணம் வாங்கத் தகுதி பெற, முதலில் பணம் இருந்திருக்க வேண்டும். 2020 செப்டம்பரில் வந்த திருத்தம் இன்னொரு வாசலையும் மூடியது. அதுவரை பதிவு பெற்ற ஒரு பெரிய நிறுவனம் வெளிநாட்டில் பேசி, எழுதி, பணம் வாங்கி, ஜவ்வாது மலையிலோ பேரணாம்பட்டிலோ இருக்கிற சின்ன அமைப்புகளுக்குச் சட்டத்துக்கு உட்பட்டுப் பிரித்துக்கொடுக்க வழி இருந்தது. விண்ணப்பத்தின் சுமையைப் பெரியவர் சுமந்தார், சின்னவர் வேலையைப் பார்த்தார். அந்தத் திருத்தம் பிரித்துக்கொடுப்பதையே தடை செய்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பையும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. என் மேசைக்கு வருகிற கணக்குகளில் ‘வெளிநாட்டு நிதி’ என்ற பத்தி ஒவ்வொன்றாகக் காலியானதை அப்போது பார்த்தேன்.

மிச்சம் இருப்பது சி.எஸ்.ஆர். 2014 ஏப்ரல் முதல், 500 கோடி நிகர மதிப்போ 1,000 கோடி விற்றுமுதலோ 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனிகள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். 2022-23இல் நாடு முழுக்க இப்படிச் செலவானது கிட்டத்தட்ட 30,000 கோடி ரூபாய். பெரிய தொகை. கம்பெனி தான் இயங்குகிற இடத்துக்கும் அதைச் சுற்றியுள்ள பகுதிக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ராணிப்பேட்டை சிப்காட்டில் எத்தனை தொழிற்சாலைகள் என்பது அந்த ரோட்டில் பஸ்ஸில் போகிற யாருக்கும் தெரியும். தொழிற்சாலை இங்கே, முடிவெடுக்கிறவர் மும்பையிலோ குருகிராமிலோ. அங்கிருந்து பார்க்கிறவருக்கு வேலூர் மாவட்டம் ஓர் அட்டவணையில் ஒரு வரி. பின்தங்கிய மாவட்டங்களுக்குத்தான் கொடுப்போம் என்று சிலர் மத்திய அரசின் 112 மாவட்டப் பட்டியலை எடுத்துவைத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருப்பவை ராமநாதபுரமும் விருதுநகரும் மட்டும். அணைக்கட்டு மலைக்கிராமத்தில் டோலி கட்டி நோயாளியைத் தூக்கிவருவது அந்தப் பட்டியலுக்குத் தெரியாது.

மாவட்டம் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். ஆம்பூர் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம். எண்பதுகளில் பதிவு செய்த டிரஸ்ட். முத்திரைத்தாளில் இருக்கிற டீடில் ‘வட ஆற்காடு மாவட்டம்’. 1989இல் மாவட்டத்தைப் பிரித்ததும் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், அந்தக் காலத்து 12ஏ உத்தரவில் அப்படி இருக்கிறது. பிறகு வேலூர் மாவட்டம், பான் கார்டு விண்ணப்பத்தில் அது. 2019இல் மூன்றாகப் பிரித்த பிறகு திருப்பத்தூர் மாவட்டம், இப்போதைய கரண்ட் பில்லில் அது. கட்டடம் ஓர் அடி நகரவில்லை. நாலு தாளில் நாலு மாவட்டம். சரிபார்க்கிற தூரத்து ஆளுக்கு இவை நாலு வெவ்வேறு முகவரிகள். ‘ஆவணங்கள் பொருந்தவில்லை’ என்று திரும்பி வரும். அரசாணை நகலோடு ஒரு விளக்கக் கடிதம் தயார்செய்து கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு டோனருக்கும் அதைப் புதிதாக அனுப்ப வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஒருவர் சரிபார்த்ததை இன்னொருவர் ஏற்பதில்லை. நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பதிவு எண் இருக்கிறது. கம்பெனி விவகார அமைச்சகத்தில் 2021 முதல் கட்டாயமான சி.எஸ்.ஆர்-1 எண் இருக்கிறது. வருமான வரித் துறையில் எல்லாமே இருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் அதே பதினைந்து தாள்கள் ஒவ்வொரு வாசலிலும்.

பணம் ஒப்புக்கொண்ட பிறகும் கேட்கிற செலவு ஓய்வதில்லை. நிதியாண்டு முடிவதற்குள் செலவழிக்கவில்லை என்றால் கம்பெனிக்குச் சட்டச் சிக்கல், ஆகவே பிப்ரவரியில் திடீரென்று போன் வரும். மார்ச் 31க்குள் செலவழித்து யூ.சி., அதாவது செலவழித்ததற்கான சான்று, கொடுக்க முடியுமா என்று. ஒரு வருடத் தேவையை ஆறு வாரத்தில் எப்படிச் செலவழிப்பது? கட்டடம் வெள்ளையடிக்கலாம், பென்ச் வாங்கலாம், ஆர்.ஓ. மெஷின் வைக்கலாம். டீச்சர் சம்பளத்தை ஆறு வாரத்தில் செலவழிக்க முடியாது. எங்கள் பக்கத்து டிரஸ்டுகளில் பழுதான ஆர்.ஓ. மெஷின்கள் ஏன் இத்தனை இருக்கின்றன என்று யாராவது கேட்டால் நான் பிப்ரவரியைக் காட்டுவேன்.

இந்த 5 சதவீதம் விவகாரத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விதியைத் தவறாகப் படிப்பதால் மட்டுமே நடக்கிற அநியாயம் இது. சி.எஸ்.ஆர். விதிப்படி நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அது கம்பெனி தன் சி.எஸ்.ஆர். வேலையை நிர்வகிக்க ஆகிற செலவுக்கான வரம்பு. ஒரு திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியாக ஆகிற செலவு அதில் சேராது என்று விதியே சொல்கிறது. களத்தில் என்ன நடக்கிறது? ‘உங்கள் நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்’ என்று அதை அப்படியே டிரஸ்டின் மேல் இறக்குகிறார்கள். கணக்கு எழுதுகிறவர் சம்பளம், வாடகை, கரண்ட், ஆடிட் கட்டணம், அடுத்த விண்ணப்பம் எழுதுகிற நேரம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டுமாம். அடங்காது. நேர்மையானவர்கள் தங்கள் சம்பளத்தை எடுக்காமல் விடுகிறார்கள். சிலர் வேறு தலைப்பில் நுழைக்கப் பார்க்கிறார்கள். அந்த வவுச்சரை என் முன்னால் வைக்கும்போது அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்த்திருக்கிறேன். நல்ல மனிதர்களைக் கூனிக்குறுக வைக்கிற ஏற்பாடு இது. மாற்றியே ஆக வேண்டும்.

இவ்வளவையும் தாண்டி, எந்த வேலைக்குப் பணம் கிடைக்கிறது, எந்த வேலைக்குக் கிடைப்பதில்லை என்ற கேள்வி இருக்கிறது. எங்கள் மாவட்டத்தின் பெயர் இந்தியாவின் எல்லாச் சட்டக் கல்லூரிகளிலும் ஒலிப்பதற்குக் காரணம் ஒரு வழக்கு. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றிலும் நிலத்திலும் இறங்குவதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. தோல் பதனிடும் பகுதியில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போயிருந்தது தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும், தீங்கு நேரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்த நாட்டின் சட்டத்தில் அங்கம் என்று 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். இந்த ஊரில் ஒரு குடிமக்கள் அமைப்பு செய்த வேலைகளில் இதைவிடப் பெரியதை நான் அறியேன்.

இன்றைக்கு இருக்கிற ஏதாவது ஒரு படிவத்தில் இந்த வேலையை எழுதிப்பாருங்கள். பயனாளிகள் எண்ணிக்கை? பாலாற்றங்கரை முழுக்க. காலாண்டு வாரியாக இலக்கு? நீதிமன்றத்தைக் கேட்க வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் என்ன விளைவு? வருடங்கள் ஆகும், தோற்கவும் செய்யலாம். திறப்பு விழாப் படம்? கிடையாது. உள்ளூர்க் கம்பெனிகளின் ஆதரவு? எதிரே நிற்பவர்களே உள்ளூர்க் கம்பெனிகள். முதல் சுற்றிலேயே தள்ளுபடியாகிவிடும். கொத்தடிமையிலிருந்து மீண்ட குடும்பத்துக்கு விடுதலைச் சான்று வாங்கித்தர தாலுகா ஆபீசுக்கு நடப்பது, பீடித் தொழிலாளியின் பி.எஃப். பாக்கிக்காக வருடக்கணக்கில் மனு போடுவது, சேரிக்குச் சுடுகாட்டுப் பாதை கேட்பது என்று எங்கள் பக்கத்தில் நடக்கிற வேலைகள் பலவும் இந்த ரகம். நாளாவட்டத்தில் இந்த அமைப்புகளும் படிவத்துக்குத் தக்கபடி தங்கள் வேலையை மாற்றிக்கொள்கின்றன. நடையாய் நடந்தவர்கள் தையல் பயிற்சி நடத்த ஆரம்பிக்கிறார்கள். தையல் பயிற்சி கெட்டதல்ல. விட்டுப்போன வேலையை எடுத்துச் செய்ய ஆள் இல்லை என்பதுதான் துயரம்.

கொடுப்பவர்கள் பக்கத்து நியாயத்தையும் நான் அறிவேன். போலி டிரஸ்டுகள் இருக்கின்றன. 80ஜி ரசீதை விற்றுப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள், எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஒரு சி.எஸ்.ஆர். அதிகாரி தனி ஆளாக நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களோடு மல்லுக்கட்டுகிறார், பணம் தவறான கைக்குப் போனால் கேள்வி அவரிடம்தான் வரும். சரிபார்க்கத்தான் வேண்டும். ஆனால் சரிபார்ப்பு வேறு, போட்டி வேறு. போலியா அசலா என்று பார்க்க மேலே சொன்ன பதிவு எண்களும் ஒரு நேரடி வருகையும் போதும். நாற்பது பக்க இங்கிலீஷ் புரபோசல் போலியைத் தடுக்காது. போலி நடத்துகிறவருக்குத்தான் அதை எழுதிவாங்க வசதி இருக்கிறது.

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில்கள் உண்டு, எல்லாம் கொடுப்பவர் பக்கத்தில் செய்ய வேண்டியவை. முதலில் ஒரே ஒரு பக்கம் கேளுங்கள், தமிழில். எழுத முடியாதவர் போனில் பேசிப் பதிவுசெய்து அனுப்பட்டும். அதிலேயே பத்தில் எட்டைக் கழித்துவிட முடியும், கழிக்கப்பட்டவருக்கு ஒரு மாலை நேரத்துக்கு மேல் செலவாகியிருக்காது. மிச்சம் இருப்பவர்களிடம் மட்டும் விவரம் கேளுங்கள், அந்த இரண்டாம் சுற்றுக்கு அவர்கள் செய்கிற வேலைக்குப் பணம் கொடுங்கள். சென்ற வருடம் எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்று அறிவிப்பிலேயே போடுங்கள். நூற்றில் ஒருவருக்குத்தான் வாய்ப்பு என்று தெரிந்தால் பலர் முயற்சியே செய்யாமல் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். அதுவும் ஒரு உதவிதான். மறுத்தால் காரணத்தை இரண்டு வரியில் சொல்லுங்கள். கொடுத்தால் மூன்று வருடத்துக்குக் கொடுங்கள், டீச்சர் சம்பளம் ஜூனில் தொடங்குகிறது, பிப்ரவரியில் அல்ல.

தகுதியுள்ளவர்கள் நிறைய, பணம் கொஞ்சம் என்ற நிலை வந்தால் குலுக்கிப்போடுங்கள். சிரிக்க வேண்டாம். நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சிக் கவுன்சில் 2013இல் ஒரு வகை நிதியை இப்படித்தான் தரத் தொடங்கியது. தகுதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, பிறகு குலுக்கல். நமக்கும் இது புதிதல்ல, காஞ்சிபுரம் பக்கத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் பராந்தக சோழன் காலத்திலேயே இருக்கிறது. ஊர்ச்சபை வாரியத்துக்கு ஆள் எடுக்க, வயது, நிலம், ஒழுக்கம் என்று தகுதியை முதலில் பார்த்தார்கள், அப்புறம் குடத்தில் ஓலையைப் போட்டுச் சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். தொண்ணூற்றொரு மதிப்பெண் வாங்கிய புரபோசலுக்கும் எண்பத்தொன்பது வாங்கியதற்கும் நடுவே இருக்கிற வித்தியாசம் இங்கிலீஷ் மட்டுமே என்பதை அவற்றை எழுதித் தருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கொடுப்பவர் தேடிப்போவது எங்கள் பக்கத்தில் இன்னும் உயிரோடு இருக்கிற வழக்கம். ரம்ஜான் மாதத்தில் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் மேல்விஷாரத்திலும் ஜக்காத் கொடுக்கிறவர்கள் யாருக்குத் தேவை என்று தாங்களே விசாரித்து வீடு தேடிப்போவார்கள். வாங்குபவர் விண்ணப்பம் எழுதுவதில்லை. கொடுப்பது என் கடமை, தகுதியான ஆளைக் கண்டுபிடிப்பதும் என் கடமையில் சேர்த்தி என்ற நினைப்பு அதில் இருக்கிறது. சி.எஸ்.ஆர். 2 சதவீதமும் சட்டப்படி ஒரு கடமைதான்.

சின்னவர்களுக்குச் சுமை குறையவேண்டும் என்பதை வருமான வரிச் சட்டமே ஓரிடத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய 12ஏ பதிவை, ஆண்டு வருமானம் 5 கோடிக்கு மேல் போகாத டிரஸ்டுகளுக்குப் பத்து வருடமாக நீட்டி 2025இல் திருத்தம் வந்தது. டெல்லியில் இருக்கிற ஒரு துறையால் அளவு பார்த்து விதியை மாற்ற முடிகிறது என்றால், சிப்காட்டில் இருக்கிற கம்பெனியாலும் முடியும்.

குடியாத்தத்து அக்காவின் வேலையைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் சில அமைப்புகளுக்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் ஒரே பக்கம்தான். ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர் பக்கத்துக் கம்பெனிகளில் சி.எஸ்.ஆர். பார்க்கிறவர்கள் இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள், அனுப்புகிறேன். நேரில் பார்க்க வேண்டும் என்றால் இன்னும் நல்லது. மே 31க்குள் 10பிடி என்கிற நன்கொடைக் கணக்குப் படிவ வேலை முடிந்துவிடும். ஜூனில் எந்தச் சனிக்கிழமை என்றாலும் கூட வருகிறேன். வகுப்பு சாயங்காலம் ஐந்தரைக்கு. கொஞ்சம் முன்னாடியே போனால் அக்கா வீடு வீடாகக் கூப்பிட்டுவருவதையும் பார்க்கலாம். நோட்டை மறக்காமல் கேட்டு வாங்கிப் படியுங்கள்.